தாளை அளத்தலும் ஆளை அளத்தலும்: பிரித்தானிய, அமெரிக்கப் பல்கலைக்கழக மரபுகள் பற்றிய ஓர் அறநோக்கு

பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாறு பயிலும் மாணவர் ஒருவர் தமது விடைத்தாளுக்கு நூற்றுக்கு 72 புள்ளிகள் பெறுவாராயின், அவர் முதலாம் வகுப்புக்கு உரியவராகக் கருதப்படுவார். அதே 72 புள்ளிகளை ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகம் ஒன்றில் பெறும் மாணவர் பொதுவாகச் ‘சி’ தரத்தினர். உயர்பட்டப் படிப்புக்குத் தமக்கு இடம் கிடைக்குமோ என அவர் ஐயுற வேண்டியிருக்கும். எண் ஒன்று, பொருள் இரண்டு. இவ்வேறுபாட்டை நாணயமாற்று வீதம் போன்றதொரு கணக்கு வேறுபாடாகக் கொண்டு, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அட்டவணையைத் தயாரிப்பதோடு பலர் அமைந்துவிடுகின்றனர். ஆயின், மனிதரை மனிதர் மதிப்பிடும்போது நீதி எங்கே தங்குகிறது என்ற வினாவுக்கு இரு சமூகங்கள் அளித்த இருவேறு விடைகள் இவ்வெண்களின் பின்னால் உள்ளன. அவ்விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அளவுகோல்களின் அமைப்பை நோக்கலாம். பிரித்தானிய மரபில் சிறப்புப் பட்டம் பொதுவாக நான்கு படிகளாக வகுக்கப்படும். 70உம் அதற்கு மேலும் முதலாம் வகுப்பு; 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு; 50 முதல் 59 வரை இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு; 40 முதல் 49 வரை மூன்றாம் வகுப்பு. கலைத்துறைப் பாடங்களில் 80ஐத் தாண்டும் விடைகள் அரியன. நூறு என்பது எவரும் எட்டாத இலட்சியமாக மேலே நிற்க, மாணவர் கீழிருந்து ஏறுகின்றார். அமெரிக்க மரபிலோ பெரும்பாலும் 90க்கு மேற்பட்டது ‘ஏ’; 80களில் ‘பி’; 70களில் ‘சி’; 60களில் ‘டி’; அதற்குக் கீழே தோல்வி. அங்கே நூறு என்பது கேட்கப்பட்ட யாவற்றையும் செய்து முடித்தவருக்குரிய இயல்பான எண். குறை காணப்படுந்தோறும் அதிலிருந்து கழிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பாடநெறியின் தரமும் நான்கைத் தலையளவாகக் கொண்ட தரப்புள்ளியாக மாற்றப்பட்டு, பருவந்தோறும் சராசரி கணிக்கப்படுகின்றது. முன்னையது ஒருவர் எவ்வளவு உயர்ந்தார் எனக் கூற முற்படுகின்றது. பின்னையது அவர் எவ்வளவு தவறாது வந்தார் எனக் கூற முற்படுகின்றது.

அளப்பவர் யார் என்பது இதனினும் முக்கியமான வேறுபாடாகும். பிரித்தானிய மரபு கற்பிப்பவரையும் அளப்பவரையும் இயன்றவரை பிரித்து வைக்க முயன்றது. 1832இல் நிறுவப்பெற்ற டேரம் பல்கலைக்கழகம் தன் மாணவரைப் பரீட்சிக்க ஒக்ஸ்போர்டிலிருந்து பரீட்சகர்களை வரவழைத்தது. புறப்பரீட்சகர் என்னும் நிறுவனத்தின் தொடக்கம் இதுவே எனக் கருதப்படுகின்றது. 1836இல் தோன்றிய இலண்டன் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் கற்பிக்கும் இடமாக அன்றி, பரீட்சித்துப் பட்டம் வழங்கும் சபையாகவே அமைந்தது. 1858இல் அது தன் பரீட்சைகளை எங்கே கற்றவர்க்கும் திறந்துவிட்டது. தான் ஒருநாளும் கண்டிராத மாணவருக்கு, அவர் எழுதிய தாளை மட்டும் கண்டு, ஒரு பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவரும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, இவ்வாறு இலண்டனின் வெளிவாரிப் பட்டத்துக்கே ஆயத்தஞ் செய்யப்பட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அமெரிக்க மரபில் கற்பித்தவரே அளப்பவர். யேல் கல்லூரியின் தலைவராயிருந்த எஸ்ரா ஸ்டைல்ஸ் 1785இல் தம் மாணவர் 58 பேரைப் பரீட்சித்து, அவர்களை நான்கு இலத்தீன் பெயர்களின் கீழ் வகுத்தார்: மிகச் சிறந்தோர் 20 பேர், அடுத்த நிலைச் சிறந்தோர் 16 பேர், தாழ்ந்தோர் 12 பேர், மேலும் மோசமானோர் 10 பேர். அச்சொற்கள் விடைகளுக்கு இடப்பட்டவை அல்ல, ஆட்களுக்கு இடப்பட்டவை. பின்னர், 1869 முதல் 1909 வரை ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த சார்ள்ஸ் எலியட் மாணவர் தாமே பாடங்களைத் தெரிவுசெய்யும் முறையை வளர்த்தபோது, பட்டம் என்பது தனித்தனிப் பாடநெறிகளின் கூட்டுத்தொகையாக மாறியது. ஒவ்வொரு பாடநெறியிலும் விரிவுரையாளர் தாமே கற்பித்து, தாமே வினாத் தொடுத்து, கட்டுரைகளையும் வகுப்புக் கலந்துரையாடலையும் கருத்திற்கொண்டு, தாமே தரமிடுகின்றார். மூன்று மணி நேரத்தில் எழுதப்பட்ட தாளைக் காணும் அந்நியரைவிட, ஒரு பருவம் முழுவதும் மாணவரைக் கண்டவரே அவரை நன்கு அறிவார் என்பதே இதன் அடிப்படை நம்பிக்கையாகும்.

வள்ளுவர் நடுவுநிலைமையை அறத்துப்பாலிலும், தெரிந்து தெளிதலைப் பொருட்பாலிலும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்துள்ளார். முன்னையது பகை, நட்பு என்னும் வேறுபாடு நோக்காத பண்பு. பின்னையது ஒருவரை ஆராய்ந்து அறிந்தபின் நம்பும் திறன். இவ்விரு மரபுகளையும் விளக்க இப்பாகுபாடு பெரிதும் துணைசெய்கின்றது. பிரித்தானியப் பரீட்சை மரபு நடுவுநிலைமையைத் தன் தலையாய அறமாகக் கொண்டது; அமெரிக்க மரபு தெரிந்து தெளிதலைக் கொண்டது. அறியாதவரே நடுநிற்பார் என்பது ஒன்று; அறிந்தவரே நீதி வழங்குவார் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையின் ஒவ்வொரு கூறைப் பற்றியுள்ளன. இரண்டும் ஒவ்வொரு வகையில் வழுவக் கூடியன.

பிரித்தானியா அந்நியரின் தீர்ப்பை விரும்பியமைக்கு வரலாற்றுக் காரணமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அரச பதவிகள் பெரும்பாலும் செல்வாக்குடையோரின் சிபாரிசாலே வழங்கப்பட்டன. 1854இல் வெளியான நோத்கோட் - திரெவெலியன் அறிக்கை அதனைக் கண்டித்து, திறந்த போட்டிப் பரீட்சையை வற்புறுத்தியது. 1855இல் இந்திய சிவில் சேவைக்கான போட்டிப் பரீட்சை இலண்டனில் தொடங்கியது. இன்று மாணவர் பலர் வெறுக்கும் பரீட்சை, அக்காலத்தில் சலுகைக்கு எதிரான ஒரு சீர்திருத்தமாகவே பிறந்தது. ‘இவர் யாருடைய மகன்?’ என்ற வினாவைத் தள்ளிவிட்டு, ‘இவர் என்ன எழுதினார்?’ என்ற வினாவை அது முன்வைத்தது.

இவ்வினாவின் ஆற்றலைக் காட்டக் கேம்பிரிட்ஜில் 1890இல் நிகழ்ந்ததொன்றே போதும். அங்கே கணிதச் சிறப்புப் பரீட்சையின் பெறுபேறுகள் தரவரிசைப்படி மன்றத்தில் உரக்க வாசிக்கப்படுவது வழக்கம். முதலிடம் பெற்றவரின் புகழ் நாடெங்கும் பரவும். பெண்கள் அப்பரீட்சைக்குத் தோற்ற அனுமதிக்கப்பட்டிருந்தனர். எனினும் அவர்களின் பெயர்கள் தனியே வாசிக்கப்பட்டன. பட்டமோ அவர்களுக்கு இல்லை. அவ்வாண்டு பிலிப்பா ஃபோசெட் என்னும் மாணவியின் பெயர் வந்தபோது, அவர் ‘முதலாமவருக்கு மேல்’ என அறிவிக்கப்பட்டது. பெண்ணுக்குப் பட்டம் தர மறுத்த அதே பல்கலைக்கழகம், அவள் எழுதியது ஆண்கள் அனைவரும் எழுதியதைவிட மேலானது என்பதைத் தன் வாயாலே கூற நேர்ந்தது. பெண்களுக்கு முழுப்பட்டம் வழங்கக் கேம்பிரிட்ஜ் 1948 வரை முன்வரவில்லை. நிறுவனம் ஆளைப் பார்த்தது. அளவுகோல் தாளைப் பார்த்தது. அவ்விரண்டில் அளவுகோலே நேர்மையாக நடந்தது.

ஆயினும், தாளை மட்டும் பார்ப்பது எப்பொழுதும் போதுமானதாகாது. சீனிவாச இராமானுஜன் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் கணிதம் தவிர்ந்த பாடங்களைப் புறக்கணித்ததால் தம் புலமைப்பரிசிலை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலிருந்து தோற்றிய எஃப்.ஏ. பரீட்சையிலும் அவர் சித்தியடையவில்லை. அப்பரீட்சையில் பாரபட்சம் இருந்ததாகக் கூற இயலாது. விதிகள் எல்லோருக்கும் ஒன்றே. விதி ஒன்றாயிருந்தமையே அங்கே இடராயிற்று. 1913ஆம் ஆண்டு சனவரியில் அவர் எழுதிய கடிதத்தை வாசித்த ஜி. எச். ஹார்டி என்னும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர், புள்ளிகளைக் கேளாமல், அதிலிருந்த கணிதத்தை ஆராய்ந்து, எழுதியவரின் ஆற்றலை உணர்ந்தார். 1914இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். 1916இல் ஆய்வின் அடிப்படையில் அவருக்குப் பட்டம் வழங்கப்பட்டது. ஹார்டி தாமே அப்பழைய கணிதப் பரீட்சையில் நான்காம் இடம் பெற்றவர். அவ்விருந்தும் தரவரிசை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுள் ஒருவர். அம்முறை 1909ஆம் ஆண்டோடு முடிவுற்றது.

இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஃபோசெட்டின் வகையில் தாளைப் பற்றிய தீர்ப்பு தாளோடு நின்றது. ஆகவே அது நீதியாயிற்று. இராமானுஜனின் வகையில் சில தாள்களைப் பற்றிய தீர்ப்பு ஆளைப் பற்றிய தீர்ப்பாக விரிந்து, கல்லூரிக் கதவையே மூடிற்று. பிரித்தானிய மரபின் பலவீனம் இவ்விரிவிலேயே உள்ளது. ஒரு சில நாள்களில் எழுதியவற்றின் பெயரான ‘இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு’ என்பது, எழுதியவரின் பெயராகவே வாழ்நாள் முழுதும் தொடர்கின்றது. அன்றியும், நல்ல நூலகமும் நல்லாசிரியரும் வாய்க்கப்பெற்றவரின் 70உம், அவையின்றி முயன்றவரின் 70உம் தாளில் ஒரே எண்ணாகவே நிற்கின்றன. கண்ணைக் கட்டிக்கொண்ட நீதி, சலுகையைப் போலவே குறையையும் காண்பதில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், சிறப்பாகத் தனியார் பல்கலைக்கழகங்கள், மாணவரை அனுமதிக்கும் முறை இக்குறையை நீக்குவதாகத் தோன்றும். பிரித்தானியாவில் விண்ணப்பதாரர் ஒரு மத்திய நிறுவனத்தின் ஊடாகப் பொதுவாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிப்பார். தாம் பயில விரும்பும் துறையை முன்னரே தெரிவுசெய்வார். உயர்தரப் பரீட்சையில் இன்ன பெறுபேறு கிடைத்தால் இடம் உண்டு என்ற நிபந்தனையைப் பெறுவார். ஒக்ஸ்போர்டில் நடக்கும் நேர்முகப் பரீட்சையும் பெரும்பாலும் அவர் பயிலவிருக்கும் பாடத்தைப் பற்றியதே. அமெரிக்காவிலோ பாடசாலைப் பெறுபேறுகளோடும் பொதுத் தேர்வுப் புள்ளிகளோடும், தன்னைப் பற்றிய கட்டுரை, ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதம், விளையாட்டு, இசை, சமூகசேவை ஆகிய யாவும் நோக்கப்படுகின்றன. ‘முழு மனிதரை’ நோக்குகின்றோம் என்பது அவர்களின் கூற்று. வறிய கிராமத்துப் பாடசாலையில், தம்பி தங்கையரைப் பராமரித்துக்கொண்டு படித்த மாணவரின் பெறுபேற்றுக்கு உரிய கனத்தை இம்முறையே அளிக்க வல்லது. அவ்வகையில் இது மனிதப் பண்பு மிக்கதே.

எனினும் இம்முறையின் பிறப்பை மறத்தலாகாது. 1920களின் தொடக்கம் வரை ஹாவார்டுக்கான அனுமதியில் பரீட்சைத் திறனே மேலோங்கியிருந்தது. 1922 அளவில் புகுமுக மாணவருள் யூதர் ஐந்திலொரு பங்கைத் தாண்டினர். தலைவர் லோவெல் அவர்களின் தொகையைக் கட்டுப்படுத்த விரும்பி, வெளிப்படையான பங்கீடு ஒன்றை முன்மொழிந்தார். ஆசிரியர் குழு அதனை ஏற்கவில்லை. 1926இல் வேறொரு வழி கண்டறியப்பட்டது. அனுமதி பெறுவோரின் தொகை ஆயிரமாக மட்டுப்படுத்தப்பட்டு, ‘ஒழுக்கம்’, ‘ஆளுமை’ ஆகியன தெரிவின் அளவைகளாக வற்புறுத்தப்பட்டன. வெளிப்படையாகச் செய்ய இயலாததை, ஆளுமை என்னும் சொல்லின் நிழலில் செய்ய முடிந்தது. பண்பைக் காண்பதாகச் சொல்லி இனத்தைக் கண்டனர்.

அச்சொல் பின்னர் மறுதிசையிலும் பயன்பட்டது. 1978இல் பாக்கே வழக்கில் நீதியரசர் பவல், பங்கீட்டை விலக்கி, பல்வகைமையின் பொருட்டு இனத்தையும் ஒரு கூறாக நோக்கலாம் என்றபோது, முன்மாதிரியாக ஹாவார்டின் முறையையே சுட்டினார். கறுப்பின மாணவருக்கு நெடுங்காலம் மூடிக்கிடந்த கதவுகளைத் திறக்க அது உதவிற்று. ஆயின், ஆசிய வம்சாவளி மாணவருக்கு ‘ஆளுமை’ மதிப்பீட்டில் குறைவான புள்ளி இடப்படுகின்றது என்ற முறைப்பாடு எழுந்தது. 2019இல் விசாரணை நீதிமன்றம் வேண்டுமென்றே பாகுபாடு காட்டப்பட்டதாக ஏற்கவில்லை. 2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில் உயர்நீதிமன்றம் இனத்தைக் கருத்திற்கொள்ளும் அனுமதி முறையையே சட்டவிரோதமெனத் தீர்த்தது. பழைய மாணவரின் பிள்ளைகளுக்குப் பல தனியார் பல்கலைக்கழகங்கள் காட்டிவந்த முன்னுரிமையோ அத்தீர்ப்பால் நேரடியாகத் தடைசெய்யப்படவில்லை. ஒரே சொல் 1926இல் ஒருவரை வெளியே நிறுத்தவும், பின்னர் வேறொருவரை உள்ளே அழைக்கவும் பயன்பட்டது. முழு மனிதரை அறிந்தோம் என்பவரிடம், எதனைக் கண்டு அறிந்தீர் எனக் கேட்க வழி இல்லாதபோது, அவ்வறிவும் விருப்பமும் வேறுபடுத்த இயலாதனவாகிவிடுகின்றன.

அறிந்தவர் அளப்பதில் உள்ள மற்றோர் இடர் இரக்கத்திலிருந்து பிறப்பது. வியட்நாம் போர்க்காலத்தில் பல்கலைக்கழக மாணவர் கட்டாய இராணுவ சேவையிலிருந்து தற்காலிக விலக்குப் பெற்றனர். 1966இல் அவ்விலக்கைத் தீர்மானிக்க வகுப்பில் மாணவர் பெற்ற இடமும் நோக்கப்படலாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் சிக்காகோப் பல்கலைக்கழக மாணவர், தரவரிசையை இராணுவ ஆட்சேர்ப்புச் சபைக்கு வழங்குவதை எதிர்த்து நிர்வாகக் கட்டடத்தில் அமர்ந்து போராடினர். ஒரு விரிவுரையாளர் தம் மாணவருக்கு இடும் ‘டி’ அவரைப் போர்க்களத்துக்கு அனுப்பக் கூடுமாயின், அவ்வெழுத்தை இடக் கை எழுமா? எழாமை குற்றமா? தாளுக்குரிய தரத்தை உயர்த்தியவர் பொய்யுரைத்தார் என ஒருவர் கூறலாம். ஆயின், தாளைப் பற்றிய எழுத்தின் மீது ஓர் உயிரின் பாரத்தை ஏற்றிய அரசே முதற்கண் அவ்வெழுத்தின் பொருளைக் கெடுத்தது என்பதே பொருத்தமாகும்.

அத்தகைய கொடிய நெருக்கடி இல்லாத காலத்திலும் தரங்கள் உயர்ந்தே வந்துள்ளன. 2001இல் ஹாவார்டில் பட்டம் பெற்றோருள் 91 வீதத்தினர் சிறப்புத் தகுதியோடு வெளியேறினர் என்ற செய்தி பரபரப்பை விளைவித்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004இல் ‘ஏ’ தரங்களை 35 வீதத்துக்குள் அடக்க முயன்று, 2014இல் அம்முயற்சியைக் கைவிட்டது. புறப்பரீட்சகரைக் காவலாகக் கொண்ட இங்கிலாந்தும் தப்பவில்லை. அங்கே முதலாம் வகுப்புப் பெற்றோர் 2010-11இல் ஏறத்தாழ 16 வீதமாக இருந்து, 2020-21இல் 37 வீதத்தைத் தாண்டினர். தொழிலும் வருமானமும் மதிப்பும் ஒரே எண்ணில் தொங்கும்போது, அளப்பவர் அந்நியராயினும் அறிந்தவராயினும் கோல் வளையவே செய்யும்.

இவ்விரு மரபுகளையும் கலந்துவிட்டால் இடர் தீரும் எனச் சிலர் கூறலாம். 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்தது அவ்வெண்ணத்துக்கு ஓர் எச்சரிக்கையாகும். கொரோனாத் தொற்றினால் உயர்தரப் பரீட்சை நடைபெறவில்லை. மாணவரை அறிந்த ஆசிரியர்கள் தரத்தை மதிப்பிட்டனர். பின்னர் நடுவுநிலைமையின் பொருட்டு, பாடசாலையின் முன்னைய ஆண்டுப் பெறுபேறுகளைக் கொண்டு, ஒரு கணித விதிமுறை அத்தரங்களைத் திருத்தியது. ஆசிரியர் இட்ட தரங்களுள் ஏறத்தாழ 40 வீதம் குறைக்கப்பட்டன. முன்னர் நல்ல பெறுபேறு பெற்றிராத பாடசாலையின் திறமையான மாணவர், தம்மினும் மூத்தோரின் பெறுபேற்றுக்காகத் தாழ்த்தப்பட்டார். மாணவர் தொகை மிகச் சிறியதாயிருந்த வகுப்புகளில் ஆசிரியரின் மதிப்பீடே நிலைத்தது. அத்தகைய வகுப்புகள் கட்டணம் அறவிடும் பாடசாலைகளிலேயே மிகுதி. ஆகஸ்ட் 13இல் வெளியான பெறுபேறுகள், மாணவரின் எதிர்ப்பினால் 17ஆம் திகதி கைவிடப்பட்டு, ஆசிரியரின் மதிப்பீடுகள் ஏற்கப்பட்டன. அக்கணிதம் மாணவரின் தாளையும் காணவில்லை, ஆளையும் காணவில்லை, அவர் எங்கிருந்து வந்தார் என்பதையே கண்டது. பரீட்சை என்பது எவ்வினாவைத் தள்ளுவதற்காகப் பிறந்ததோ, அவ்வினாவே எண்ணின் வேடத்தில் திரும்பி வந்தது.

இலங்கை வாசகருக்கு இது புதிய அனுபவமன்று. 1970களின் முற்பகுதியில் பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகள் முதலில் மொழிவாரியாகவும் பின்னர் மாவட்டவாரியாகவும் சரிசெய்யப்பட்டபோது, ஓர் அரசியற் தீர்மானம் எண்கணிதத்தின் வடிவில் வந்து இளைஞரின் வாழ்வைத் தீர்த்தது. இன்றைய இசட் புள்ளியின் பக்கத்திலும் மாவட்டப் பங்கீடு நிற்கின்றது. பின்தங்கிய மாவட்டத்தின் மாணவருக்கு இடமளித்தல் அறமே. ஆயின் அது ஓர் அறத்தீர்மானம் என வெளிப்படையாகக் கூறப்பட்டு, அதன் நியாயம் பாதிக்கப்பட்டவருக்கு எடுத்துரைக்கப்படும்போதே அறமாகும். எமது பட்டச் சான்றிதழ்களில் பிரித்தானியரின் வகுப்புப் பெயரும் அமெரிக்கரின் தரப்புள்ளிச் சராசரியும் இன்று அருகருகே நிற்பதால், இரு மரபுகளின் வழுக்களும் எமக்கு அயலானவை அல்ல.

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கடப்பாடுகள் பெறப்படும். அளப்பவர் தாம் எதனை அளந்தார் என்பதைக் கூறவேண்டும். விடைத்தாளை அளந்தவர் ஆளை அளந்ததாகப் பாவனை செய்தலாகாது. இரண்டாவதாக, ஆளை அளப்பதாகக் கூறுபவர் தாம் கண்டதையும் அதற்கு இட்ட கனத்தையும் காட்டவேண்டும். ‘ஆளுமை’ போன்ற சொற்களுக்குப் பின்னால் மறைதலாகாது. மூன்றாவதாக, அளக்கப்பட்டவர் காரணம் கேட்கவும், தீர்ப்பு தவறாயின் திருத்தம் பெறவும் வழி இருக்கவேண்டும். ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் காரணம் கூறுதல் இயலாது என்ற ஆட்சேபம் எழலாம். ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதுதல் இயலாதிருக்கலாம். ஆனால் எவ்விதியால் தெரிந்தோம் என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவித்து, அவ்விதியின்படியே நடந்தோம் என்பதைக் கேட்பவருக்குக் காட்டுதல் இயலும். அதுவும் இயலாதெனின், அங்கே நடப்பது மதிப்பீடன்று, விருப்பத் தெரிவே.

ஆகவே, பிரித்தானிய முறை நன்றா, அமெரிக்க முறை நன்றா என்ற வினா முழுமையானதன்று. அந்நியரின் கோலும் அறிந்தவரின் கண்ணும் தத்தம் எல்லையில் நின்று பயன்படுவன. பிலிப்பா ஃபோசெட்டுக்கு முன்னையது தேவைப்பட்டது. இராமானுஜனுக்குப் பின்னையது தேவைப்பட்டது. எல்லை கடந்து, எண்ணை மனிதராகவும் விருப்பத்தை அறிவாகவும் கொள்ளுமிடத்தே இரண்டும் கொடுமையாகின்றன. இன்று விடைத்தாள் எழுதும் மாணவர் பலர் நாளை விடைத்தாள் திருத்தும் ஆசிரியராவர். 72 எனத் தாளில் எழுதும்போது, அவ்வெண் எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறவில்லை என்பதை எழுதுபவரும் பெறுபவரும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். பல்கலைக்கழகம் தன் மாணவருக்குச் செய்யக் கடமைப்பட்ட நீதியின் தொடக்கம் அதுவே.